தலைவர் சட்டையில கணவாய் மை

அந்த வேன் ஷெட் வாசல்ல வந்து நின்னப்பவே எனக்கு வயித்தைப் பெரட்டிச்சு. நாத்தத்துக்குப் பெரட்டுற வயிறு இல்ல என்னுது. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து கணவாய் மீன் உரிக்கிறவ நான். அழுகின கணவாய் ஒரு பக்கம், சோத்து டப்பா ஒரு பக்கம்னு வச்சுச் சாப்பிட்டிருக்கேன், ஒண்ணும் செஞ்சதில்ல. அந்த வேன்ல மல்லிகைப்பூ வாசம் அடிச்சுது. அதுக்குத்தான் எனக்குக் குமட்டுச்சு.

வெள்ளை வேன். ரெண்டு பக்கமும் ரோசாப்பூப் படம். மேல ஏ.சி. பெட்டி உர்ருன்னு ஓடுது. பின்னால ஏறுறதுக்குப் படி, படிமேல சிவப்பு விரிப்பு. ஒரு ஆள் உள்ள போயி ஊதுபத்தி கொளுத்தி வச்சிட்டு, கதவை நோகாம சாத்திட்டு வந்தான். நான் ஏதோ சாமி வண்டின்னுதான் நெனச்சேன். கன்னத்துல போட்டுக்கக் கையைக்கூடத் தூக்கிட்டேன். பக்கத்து மேசைக்கார அக்காதான் என் முழங்கையில இடிச்சா.

"ஏளா கூறுகெட்டவளே, அது கக்கூஸு. தலைவர் வாராருல்லா, வந்த எடத்துல அவருக்கு முட்டுச்சுன்னா எங்க போவாரு?"

மேசை மேசையா சிரிப்பு. அந்தச் சிரிப்புல அக்காவும் சேர்ந்துதான் சிரிச்சா. அதுதான் அன்னைக்கு அவ சிரிச்ச கடைசிச் சிரிப்பு.

எங்க ஷெட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தெக்கால இருக்கு. ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கணவாய் உரிச்சுக் குடுக்கிற எடம். கம்பெனி வேற, ஷெட்டு வேற. கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரன் வந்து பாப்பான், அதனால அங்கன தரையெல்லாம் டைல்ஸ் போட்டிருப்பாவ. எங்க ஷெட்டுல கூரை உண்டு, மேசை உண்டு, ஐஸ் உண்டு, கத்துறதுக்குக் காண்டிராக்டர் உண்டு. கக்கூஸ் மட்டும் கிடையாது. புறம்போக்கு எடம், கட்ட அனுமதி இல்லைன்னு காண்டிராக்டர் கையை விரிச்சிட்டாரு. பின்னால முள்ளு முள்ளா உடைமரக் காடு. அதுதான் எங்களுக்கு. ஒருத்தி போனா ஒருத்தி காவல் நிக்கணும். லாரிக்காரன் வருவான், குடிக்கிறவன் வருவான், பன்னி வரும், மழைக்காலத்துல பாம்பு வரும்.

விடியுமுன்ன வந்து ஐஸ் தண்ணியில கையை விட்டவளுக்கு முட்டத்தானே செய்யும்? அதனால எங்க ஷெட்டுல யாரும் தண்ணி பாட்டில் கொண்டு வாரதில்ல. காலையில வீட்டுல ஒரு டம்ளர் காப்பி, டீ நேரத்துல அரை கிளாஸ் டீ, அதோட வாயைக் கட்டிருவோம். புதுசா வேலைக்கு வாரவ பளபளன்னு பாட்டில் கொண்டு வருவா. ரெண்டாம் வாரம் பாத்தா அதே பாட்டில்ல கடையில நல்லெண்ணெய் வாங்கிட்டுப் போவா.

அக்காவுக்கு இதனாலயே தீராத நீர்க்கடுப்பு. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அவளைச் சத்தம் போட்டாவ. அடக்கக் கூடாது, நெறைய தண்ணி குடிக்கணும்னு சொல்லி மாத்திரை குடுத்தாவ. அக்கா அந்த மாத்திரையைத் தண்ணி இல்லாம முழுங்குவா. எச்சியைக் கூட்டிக் கூட்டி முழுங்குவா.

போன எலெக்சனுக்கு முன்ன இந்தத் தலைவர் எங்க ஷெட்டுக்கு ஓட்டுக் கேக்க வந்தாரு. அக்காதான் அவர்கிட்டத் தைரியமா வாயைத் திறந்தவ. "ஐயா, எங்களுக்குப் பணம் காசு வேண்டாம், ஒரு கக்கூஸ் கட்டித் தாங்க"ன்னா. அவரு அவ கையைப் பிடிச்சாரு. கையெல்லாம் கணவாய் மை, அப்படியே பிடிச்சாரு. கேமராக்காரன் சுத்திச் சுத்தி எடுத்தான். "நான் ஜெயிச்சா மொத வேலை இதுதான் அம்மா"ன்னாரு. எனக்கே கண்ணு கலங்கிச்சு, என்ன செய்ய, நானும் ஓட்டுப் போட்டேன்.

ஜெயிச்சாரு. பெரிய பதவியும் கெடைச்சுது. ஒரு கல்லு வந்துச்சு. கருப்புக் கல்லு, தங்க எழுத்து, அவரு பேரு பெருசா, கக்கூஸ்ங்கிற வார்த்தை சின்னதா. அந்தக் கல்லை ஷெட்டு மூலையில நட்டுட்டுப் போனாவ. அதுக்கப்புறம் செங்கல் வரல, சிமெண்டு வரல, ஒரு மண்ணும் வரல. தெருநாய் மட்டும் நெதமும் வந்து அந்தக் கல்லுல காலைத் தூக்கிட்டுப் போவும். "நாய்க்காவது கட்டிக் குடுத்தாரே"ன்னு அக்கா சொல்லுவா.

இப்ப எங்க ஷெட்டு வழக்கம் ஒண்ணைச் சொல்லணும். அதைச் சொல்லாட்டா அடுத்து நடந்தது புரியாது. கணவாய்க்குள்ள ஒரு மைப்பை இருக்கும். அதைக் கிழிக்காம எடுக்கணும்னு காண்டிராக்டர் கத்துவாரு, ஆனா கிழியத்தான் செய்யும். மேசைக்கு ஒரு வாளி கருந்தண்ணி சேர்ந்துரும். யாராவது ஒரு சொல்லு சொல்லிட்டு அதைக் காப்பாத்தலைன்னா, நாங்க அந்த மையைத் தொட்டு அவ கன்னத்துல இழுத்து விடுவோம். பூசுறவ "சொன்னியே?"ன்னு கேப்பா. பூசிக்கிட்டவ "சொன்னேன்"னு ஒத்துக்கிடணும். டீ வாரது வரைக்கும் கழுவக் கூடாது. அன்னைக்கு எல்லாருக்கும் டீயும் வடையும் அவ கணக்கு. அவ்வளவுதான், அதோட தீந்துச்சு. அப்புறம் யாரும் அதைப் பேச மாட்டோம்.

பேக்கரியில மக்ரூன் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெறுங்கையோட வந்ததுக்கு நான் பூசிக்கிட்டிருக்கேன். மாதா திருவிழாவுக்கு ரெண்டு நாள் லீவு தாரேன்னு சொல்லி ஏமாத்தின காண்டிராக்டருக்கே பூசியிருக்கோம். பெருசா மீசை வச்ச மனுசன், மொகத்தைச் சுளிச்சிக்கிட்டே "சொன்னேன்"னாரு. வடை சூடா வாங்கித் தந்தாரு. மறுநாளே லீவும் தந்தாரு. சொல்லு தவறினவ மூஞ்சியில மை இருக்கணும்ங்கிறது எங்களுக்கு அவ்வளவு சாதாரணம்.

சரி, அந்த நாளுக்கு வாரேன். தலைவர் எதுக்கு வாராருன்னு கேக்கிறியளா? கடற்கரைச் சாலையில ஊர் பேரைப் பெரிய எழுத்தா வச்சு, பின்னால லைட்டுப் போட்டு, போட்டோ எடுக்க ஒரு மேடை கட்டியிருந்தாவ. அதைத் திறக்க வாராரு. போற வழியில "மீனவத் தாய்மாரைச் சந்திச்சாரு"ன்னு ஒரு படம் வேணுமாம், அதுக்கு எங்க ஷெட்டு. காலையில இருந்தே போலீஸ். உடைமரக் காட்டுக்குள்ள பத்தடிக்கு ஒருத்தன் கம்போட நிக்கான். பாதுகாப்பாம். யாரு யாருகிட்ட இருந்து பாதுகாக்கான்னு கேக்க ஆள் இல்ல.

வெயில் ஏறிச்சு. தலைவர் வரல. அக்கா காலை மாத்தி மாத்தி நிக்கா. நான் அவ கூட பின்பக்கம் போனேன். போலீஸ்காரன் விசில் ஊதினான். "எங்க போறிய? இங்கன வரக் கூடாது, போங்க"ன்னான். என் மவன் வயசுதான் இருக்கும் அவனுக்கு. காரணத்தைச் சொல்ல எங்களுக்கு வாய் வரல. அப்புறம் அக்கா நேரா அந்த வேன் பக்கம் போனா. படிக்கிட்ட நின்ன ஆள்கிட்ட, "தம்பி, ஒரு நிமிசம் போயிட்டு வந்துருதேன், தலைவர் வாரதுக்குள்ள தொடச்சி விட்டுருதேன்"னா. பாருங்க, தொடச்சி விட்டுருதேன்னு சொல்லுதா. அவன் அவளை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தான். மூக்கைப் பிடிச்சான். "இது தலைவருக்கு வந்ததும்மா. ஒங்க நாத்தம் உள்ள போனா நான் வேலை பாக்க முடியுமா?"ன்னான்.

சீ, இதை எழுதும்போதே எனக்குக் கை எரியுது.

அக்கா திரும்பி வந்து மேசைக்கு முன்ன நின்னா. கொஞ்ச நேரம் கழிச்சு மேசையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சா. நான் பாத்தேன். அவ கண்ணு எங்கயோ தூரமா போச்சு. காலடியில ஏற்கனவே ஐஸ் தண்ணி ஓடிக்கிட்டிருக்கு, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது. அவ என்னைப் பாத்தா. "மாதா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுளா"ன்னு வாயை மட்டும் அசைச்சா. நானும் தலையை ஆட்டினேன். ஒரு வாளித் தண்ணியை எடுத்துத் தானே தன் இடுப்புக்குக் கீழ ஊத்திக்கிட்டா. வாளி தவறிக் கவுந்துட்டுன்னு சத்தமா சொன்னா.

அந்த நேரம் பாத்துத்தான் தலைவர் வந்தாரு.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மூக்குல கைக்குட்டை. கேமரா கிட்ட வரவும் கைக்குட்டை பையிக்குள்ள போச்சு, சிரிப்பு வெளிய வந்துச்சு. கூட வந்தவன் எவனோ அக்காவை அடையாளம் காட்டியிருக்கான், போன தடவை படத்துல இருந்தது இவதான்னு. நேரா அவகிட்ட வந்து கையைப் பிடிச்சாரு. "என்ன அம்மா, நல்லா இருக்கியளா? எல்லா வசதியும் இருக்குல்லா?"ன்னாரு.

அக்கா ஒரு கையை அவர்கிட்ட விட்டுட்டு, இன்னொரு கையை வாளியில முக்கினா. அவசரமே படல. கன்னத்துல வச்சு, தாடை வழியா, கழுத்து வழியா, சட்டைப் பொத்தான் வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்தா.

"சொன்னியளே?"ன்னா.

இப்ப நாங்க செஞ்ச கூத்தைக் கேளுங்க. எங்களுக்கு அவரு தலைவருங்கிறதே ஒரு நொடி மறந்து போச்சு. வழக்கம் அப்படி. அவரு "சொன்னேன்"னு சொல்லுவாருன்னு அத்தனை பேரும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கோம். சில பேரு சிரிச்சிட்டாளுவ. கடைசி மேசையில இருந்து ஒருத்தி, "ஏய், இன்னைக்கு டீ தலைவர் கணக்கு!"ன்னு கூவிட்டா. கைகூடத் தட்டிட்டோம். அத்தனையும் வீடியோவுல இருக்கு. பிற்பாடு போலீஸ் அந்தச் சிரிப்பைத்தான் கூட்டுச் சதின்னு எழுதிச்சு. எல்லாரும் முன்கூட்டியே பேசி வச்சிருந்தோமாம், அதான் அதிர்ச்சியே அடையாம சிரிச்சோமாம்.

தலைவர் "சொன்னேன்"னு சொல்லல. மொகம் தொங்கிப் போச்சு. சுத்தி நின்னவனுவ அக்கா முடியைப் பிடிச்சு இழுத்தானுவ. ஒருத்தன் அவ முதுகுல மிதிச்சான். நாங்க குறுக்க விழுந்து தடுத்தோம். தலைவர் நேரா வேனுக்குள்ள போயி மொகம் கழுவினாரு. சோப்புப் போட்டா கணவாய் மை ஒரு நிமிசத்துல போயிரும். சட்டையில இருந்துதான் போவாது. போலீஸ் அக்காவை ஜீப்புல ஏத்திச்சு. ஈரச் சேலையோட ஏறினா. வேனும் தலைவர் கார் பின்னாலயே போயிட்டு.

மறுநாள் டி.வி.யைப் போட்டா ஒரே அமளி. "தலைவர் மீது ரசாயனத் தாக்குதல்." ரசாயனமாம், நாசமா போவானுவ! எங்க தெருவுல சின்னக் கணவாயை மையோட வதக்கித் திங்கிற மனுசங்க இருக்காவ. கட்சி ஆபீஸ் முன்ன தலைவர் படத்துக்குப் பாலாபிஷேகம். குடம் குடமா பாலு, படத்துல இருந்து வழிஞ்சு சாக்கடையில ஓடுது. ஒரு பொம்பளை மண்ணுல உருண்டு அழுதா. "எங்க தெய்வத்தைத் தீண்டிட்டாளே"ன்னு கத்துதா. எனக்கு உண்மையிலேயே வாந்தி வந்துச்சு. எழுந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வந்தேன்.

எங்க டீக்கடை அண்ணாச்சி கெட்ட மனுசன் இல்ல. எங்களுக்குக் கடன் சொன்னா மொகம் சுளிக்க மாட்டாரு. அவரே சொன்னாரு, "பெரிய மனுசன் மேல கை வச்சிட்டுச் சும்மா விட முடியுமாம்மா? இன்னைக்கு மை, நாளைக்கு ஆசிட்டு. நாலு பேரைப் பயமுறுத்துற மாதிரி தண்டனை குடுத்தாத்தான் அடங்கும்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ஆனாலும் நான் சொன்னது இதுதான்: "சும்மா விடச் சொல்லல அண்ணாச்சி. கேக்காம ஒருத்தர் மூஞ்சியில கை வைக்கிறது எனக்கும் பிடிக்கல. என் மூஞ்சியில எவனாவது வச்சா நான் கடிச்சிருவேன். அபராதம் போடுங்க. ஒரு நாள் முழுக்க ஸ்டேஷன்ல நிக்க வைங்க. அந்தச் சட்டைக்குக் காசு வாங்குங்க. பூசுனது மை, அதுக்கு எம்புட்டோ அம்புட்டு. மைக்கு ஆசிட்டுக்கான தண்டனையைக் குடுத்தா, நாளைக்கு ஆசிட்டு ஊத்துறவனுக்கு என்னத்தக் குடுப்பிய?"

அண்ணாச்சி டீயை ஆத்திக்கிட்டே இருந்தாரு. நான் விடல. "நம்ம ஷெட்டு மேஸ்திரி ஐஸ் கட்டியைத் தூக்கி ஒரு புள்ளை நெத்தியில எறிஞ்சானே, தையல் போட்டாவளே, அன்னைக்கு ஸ்டேஷன்ல என்ன சொன்னாவ? பேசித் தீத்துக்கோங்கன்னாவ. இதே கட்சிக்காரனுவ எதிர்க்கட்சித் தலைவர் கார் மேல அழுகின முட்டை எறிஞ்சானுவ. எறிஞ்சவன் அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டான். மாலை போட்டு மேளம் அடிச்சாவ. நீங்கதானே அண்ணாச்சி அந்த ஊர்வலத்துக்கு டீ குடுத்திய?" எனக்கு மட்டும் டீயில சீனி போட மறந்துட்டாரு.

அக்காவை ரிமாண்டு பண்ணிட்டாவ. அரசுப் பணி செய்யவிடாம தாக்குனது, கொலை மிரட்டல், கூட்டுச் சதி, இன்னும் என்னெல்லாமோ. நாசரேத்துப் பக்கத்துல இருந்து ஒரு வக்கீலம்மா வந்தாவ. சின்ன வயசு, நல்ல சூட்டிகை. எங்க வழக்கத்தைக் கேட்டதும் அவுங்க மொகம் மலர்ந்து போச்சு. "இது போதும்! இது உங்க ஷெட்டுல விளையாட்டுன்னு எல்லாரும் சொல்லுங்க. அவமானப்படுத்துற எண்ணமே இல்லைன்னு சொல்லிருவோம். அந்தம்மாவும் அதையே சொன்னா ஜாமீன் கெடைச்சிரும்"னாவ. நாங்க அத்தனை பேரும் வாரோம்னோம். காண்டிராக்டர்கூட, நானும் பூசிக்கிட்டவன்தான்னு சொல்லுதேன்னாரு.

வக்கீலம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாவ. "அன்னைக்கு வேற ஏதாவது நடந்துச்சா? அவங்க கோவப்படுற மாதிரி? இருந்தா சொல்லுங்க, ரொம்ப உதவும்." என் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. சொன்னா அக்கா வெளிய வந்துருவா. சொன்னா ஊரே அதைப் பேசும், டி.வி.க்காரன் அதையும் காட்டுவான், அவ மருமவன் வீட்டுல குத்திக் காட்டுவாளுவ. அக்கா சத்தியம் வாங்கியிருக்கா. வேன்காரன் விரட்டினதைச் சொன்னேன், போலீஸ் விசில் ஊதினதைச் சொன்னேன். மத்ததை எச்சியோட முழுங்கினேன்.

இதுக்கிடையில கட்சியில இருந்து ஒரு ஆள் வந்தான். வாயில வெத்தலை, வெரல்ல மோதிரம். தலைவருக்குப் பெரிய மனசாம். அக்கா மேடையில ஏறி, எல்லார் முன்னாலயும் தலைவர் கால்ல விழுந்து, ஒரு குடம் பாலுல அந்தக் காலைக் கழுவி விட்டா, மன்னிச்சுப் புகாரை வாபஸ் வாங்கிருவாராம். கழுவுற தேதிகூடப் பாத்து வச்சிருக்கான் சவத்து மூதி. "காலைக் கழுவுன பாலை என்ன செய்யணும், குடிக்கணுமா?"ன்னு நான் கேட்டேன். அவன் கிண்டல்னு நெனக்கல. "அது அவங்க பக்தி"ன்னான்.

இதையெல்லாம் சொல்லத்தான் ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்னா. நான் அழுதுருவேன்னு நெனச்சுப் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போனேன். ஆனா அவளைப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் புரியல. மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. உதட்டுல எப்பவும் இருக்கிற வெடிப்பு இல்ல.

"என்னக்கா, நல்லா இருக்கியா? சாப்பாடு எப்படி?"

"சாப்பாடு கெடக்கட்டும். ஏளா, இங்கன கக்கூஸ் இருக்கு"ன்னா. "நாறத்தான் செய்யுது, கதவும் பாதிதான். ஆனா முட்டுனா போயிரலாம். எவன்கிட்டயும் கேக்க வேண்டாம். நான் இப்பல்லாம் தண்ணி குடிக்கேன்ளா. செம்பு செம்பா குடிக்கேன். கடுப்பே இல்ல."

சொல்லிட்டுச் சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சா. எனக்கு அழுகை வரல, அருவருப்பு வந்துச்சு. அவ மேல இல்ல. இம்புட்டு வருசம் உழைச்ச பொம்பளைக்கு ஒரு செம்புத் தண்ணி நிம்மதியா குடிக்க ஜெயிலுக்கு வர வேண்டியிருக்கேன்னு இந்த ஊர் மேல, அந்தக் கல்லு மேல, அந்த ரோசாப்பூ வேன் மேல.

வக்கீலம்மா சொன்னதைச் சொன்னேன். கட்சிக்காரன் சொன்னதையும் சொன்னேன். ரெண்டாவதுக்குக் கீழ பாத்து த்தூன்னா. மொதலாவதுக்கு மட்டும் பதில் சொன்னா.

"வெளையாட்டுன்னு சொல்லாதிய. வெளையாட்டுன்னா அவரு சொல்லு தவறவே இல்லைன்னு ஆயிரும். நான் மரியாதை இல்லாமத்தான் பூசுனேன். அவருக்கு ஒறைக்கணும்னுதான் பூசுனேன். அதுக்கு உண்டானதைக் குடுக்கட்டும், வாங்கிக்கிடுதேன். நம்ம வழக்கத்தைப் பொய் சொல்லக் கூப்பிடாதிய."

"அப்ப அந்த விசயத்தைச் சொல்லட்டுமா?"ன்னேன். அவளுக்குப் புரிஞ்சிட்டு. வலையில வெரலை மாட்டிக்கிட்டு, "மாதா மேல சத்தியம் பண்ணியிருக்க"ன்னா. நேரம் முடிஞ்சுதுன்னு கூப்பிட்டுட்டாவ.

அடுத்த தடவை அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப நாங்க ஷெட்டோட போயிருந்தோம். வேலைக்கு லீவு போட்டுட்டு, சேலையில மீன் வாடை இருக்கக் கூடாதுன்னு தாழம்பூ ஊதுபத்தி காட்டிக் கட்டிக்கிட்டுப் போனோம். அரசு வக்கீலு ரொம்ப நேரம் பேசினாரு. தலைவரோட மாண்பு, ஜனநாயகத்தோட மாண்புன்னு மாண்பு மாண்பா அடுக்கினாரு. இவளை விட்டா நாளைக்கு எந்தத் தலைவரும் மக்கள் நடுவுல நடமாட முடியாதாம். ஒரு பிளாஸ்டிக் பையில அந்தச் சட்டையைக் காட்டினாரு. மை காஞ்சு பழுப்பா போயிருந்துச்சு.

நீதிபதி அக்காவைப் பாத்து, "ஏதாவது சொல்லணுமாம்மா?"ன்னாரு. வக்கீலம்மா கண்ணைக் காட்டினாவ, வெளையாட்டுன்னு சொல்லுங்கன்னு. அக்கா என்னைத் தேடினா. கூட்டத்துல நான் எங்க நிக்கேன்னு பாத்தா. அப்புறம் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டா.

"ஐயா, பூசுனது நெசம். வெளையாட்டு இல்ல. ஒரு மனுசர் மூஞ்சியில கை வச்சது தப்புதான், அதுக்கு என்ன உண்டோ குடுங்க. ஆனா ஏன் பூசுனேன்னு யாருமே கேக்கல." எச்சியை முழுங்கினா, மாத்திரை முழுங்குறாப்புல. "அன்னைக்கு எனக்கு ரொம்ப முட்டிக்கிட்டு வந்துச்சு ஐயா. காட்டுக்குப் போனேன், போலீஸ் விரட்டிச்சு. தலைவர் கக்கூஸ் வண்டியில கேட்டேன், நாத்தம்னு விரட்டினாவ. நின்ன எடத்துலயே சேலையோட போயிட்டேன். பேத்தி எடுத்தவ நான். அந்த ஈரத்தோட நிக்கும்போதுதான் அவரு வந்து கையைப் பிடிச்சு, எல்லா வசதியும் இருக்கான்னு கேட்டாரு. அவரு சட்டை நனைஞ்சதுக்கு நான் உள்ள இருக்கேன். சரி ஐயா. என் சேலை நனைஞ்சதுக்கு யாரு உள்ள இருக்கா?"

மாதா மேல சத்தியம் வாங்கிக்கிட்டு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஜெயில்ல கெடந்தவ, அத்தனை ஆம்பிளைகள் முன்னாலயும் தானே சொல்லிட்டா. அரசு வக்கீலு பேப்பரைப் புரட்டினாரு. எங்க ஷெட்டுப் பொம்பளையளுவ ஒருத்தியும் ஒருத்தி மொகத்தைப் பாக்கல. அது அவளுக்கு மட்டும் நடந்ததுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் நான். அங்கன தலையைக் குனிஞ்சு நின்னவளுவளைப் பாத்தப்பத்தான், எத்தனை பேருக்கு நடந்திருக்குன்னு எனக்கு உறைச்சுது.

நீதிபதி ஜாமீன் குடுத்தாரு. நெதமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். கேசு கேசுதான், அது பாட்டுக்கு நடக்கும். தலைவருக்கு அந்தக் கேள்வியை யாரும் போயிச் சொன்ன மாதிரி தெரியல. சொல்லியிருந்தாலும் மூக்குல கைக்குட்டையை வச்சிருப்பாரு.

பஸ்ஸுல வாரப்ப அக்கா என்கிட்டத் தண்ணி கேட்டா. ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சுல குடிச்சா. கழுத்து வழியா வழிஞ்சுது, தொடைக்கக்கூட இல்ல. வெறும் பாட்டிலை மடியில வச்சிக்கிட்டு ஜன்னல் வழியா உப்பளத்தைப் பாத்துக்கிட்டே வந்தா.

ரெண்டு நாள் கழிச்சு வேலைக்கு வந்தா. "இனிமே யாருக்கும் மை பூசுற சோலியெல்லாம் வேண்டாம்"னு காண்டிராக்டர் பொதுவா சொன்னாரு. அக்கா ஏப்ரனைக் கட்டினா, என் பக்கத்து மேசையில நின்னா. மூலையில அந்தக் கல்லு அப்படியே இருக்கு. நான் அவ பைக்குள்ள எட்டிப் பாத்தேன். சோத்து டப்பா இருந்துச்சு, கத்தி இருந்துச்சு, மாத்திரை இருந்துச்சு. தண்ணி பாட்டில் கொண்டு வரல.